நீலம் கூடினால் விலை கூடும்: கவுண்டர்-ஸ்ட்ரைக் ஸ்கின்களின் பன்னிரண்டு வருசக் கதை

இரண்டு ஏகே-47 எடுப்பம். இரண்டுக்கும் பெயர் ஒண்டுதான், கேஸ் ஹார்டண்ட். இரண்டும் ஒரே பெட்டியில இருந்து வந்தவை. நிறத்தரம் ஒண்டு, தேய்மான நிலை ஒண்டு, எத்தனை பேரைச் சுட்டது எண்டு எண்ணிக் காட்டும் ஸ்டாட்-ட்ராக் மீற்றரும் இரண்டிலயும் இருக்கு. சுட்டால் ஒரே சேதம், ஒரே சத்தம். ஒன்றைச் சில ஆயிரம் டொலருக்குள்ள வாங்கலாம். மற்றது 2024 ஜூனில் பத்து லட்சம் டொலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது. அதில் ஒட்டியிருந்த நாலு ஸ்டிக்கர்களுக்கும் அந்த விலையில் நல்ல பங்கு உண்டு, அந்தக் கதைக்குப் பிறகு வருவம். மிச்ச வித்தியாசம் எல்லாம், துப்பாக்கியின் மேற்பக்கத்தில் எவ்வளவு இடம் நீலமாக இருக்கு எண்டதுதான்.

இதைக் கேட்டதும் "பைத்தியக்காரர்" எண்டு சிரிச்சிட்டுப் போகலாம். எங்களுக்கு அப்படிப் போக மனமில்லை. ஒரு பொருளை அரிது எண்டு யார் தீர்மானிக்கினம், அதின்ர பெறுமதி எங்க இருந்து வருது எண்ட கேள்விக்கு, கண்ணுக்கு முன்னால நடந்த ஒரு வரலாறு இது. முத்திரைக்கும் நாணயத்துக்கும் நூறு வருசத்துக்கு மேல எடுத்த வேலையை இந்தப் பொடியள் பத்து வருசத்தில செய்து முடிச்சிருக்கினம்.

கதை கவுண்டர்-ஸ்ட்ரைக்கில தொடங்கவில்லை, தொப்பியில தொடங்குது. வால்வ் நிறுவனம் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற தன் விளையாட்டில் 2009இல் தொப்பிகளைக் கொண்டுவந்தது. 2010 செப்டெம்பரில் ஒரு கடையும், ஆட்கள் தங்களுக்குள் சாமான் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தன. காசு நேரடியாகக் கைமாற வழி இல்லாததால் விளையாட்டுக்குள்ளேயே பண்டமாற்று உருவானது. சில்லறைக்கு உருக்கிய உலோகம், அதுக்கு மேல சாவி, பெரிய வியாபாரத்துக்கு 'இயர்பட்ஸ்'. அந்த இயர்பட்ஸ், 2010 ஜூனில் மக் கணினியில் விளையாடினவைக்கு இலவசமாகக் கொடுத்த ஒரு சோடி வெள்ளைக் காதுக்கருவி. வேற எந்தப் பிரயோசனமும் இல்லை. ஆனால் இனிமேல் வராது எண்டு எல்லாருக்கும் தெரியும், அதனால அது நோட்டுக் காசு மாதிரி ஓடியது. இந்த விநோதத்தைப் படிக்க 2012இல் வால்வ் ஒரு பொருளியலாளரை வேலைக்கு எடுத்தது. அவர் பெயர் யானிஸ் வரூஃபாகிஸ். மூன்று வருசத்துக்குள் அவர் கிரேக்கத்தின் நிதி அமைச்சராகி, ஐரோப்பியக் கடன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார். தொப்பிச் சந்தை நல்ல பயிற்சி கொடுத்திருக்கும் போல.

2012 ஓகஸ்டில் வெளிவந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபன்சிவ் முதல் வருசம் பெரிசா எடுபடவில்லை. அடுத்த வருசம் ஓகஸ்டில் 'ஆர்ம்ஸ் டீல்' என்ற அப்டேட் வந்தது. விளையாடி முடிய எழுமாறாக ஒரு பெட்டி கிடைக்கும், அதைத் திறக்க 2.49 டொலர் கொடுத்துச் சாவி வாங்க வேணும், உள்ளே ஒரு துப்பாக்கிக்குரிய பூச்சு இருக்கும். அதுக்கு முந்தின டிசம்பரில்தான் ஸ்டீம் சந்தை திறந்திருந்தது. எனவே தொப்பிக்காரருக்கு இல்லாத ஒண்டு இவர்களுக்கு முதல் நாளில் இருந்தே இருந்தது, எல்லாரும் பார்க்கக்கூடிய விலை.

இந்த இடத்தில ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேணும். எங்கட பக்கத்தில கனபேர் விளையாடுறது ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும். அதிலயும் ஸ்கின் இருக்கு, வடிவான ஸ்கின்களும் இருக்கு. ஆனால் ஒரு ஸ்கின்னைத் தனியாக எடுத்து இன்னொருவருக்கு விற்க முடியாது. வேணுமெண்டா முழுக் கணக்கையும் கள்ளத்தனமாக விற்கலாம். அங்க ஸ்கின்னுக்கு விலை உண்டு, மறுவிலை இல்லை. மறுவிலை இல்லாத இடத்தில அரிது எண்டது பெருமையோட நிண்டுவிடும்.

வால்வ் முதலில் கொடுத்த அளவுகோல் நிறம். பெட்டிக்குள் வருபவை நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியாகப் பொன்னிறம் எண்டு அடுக்கப்பட்டன. பொன்னிறம் எண்டா கத்தி (2016க்குப் பிறகு கையுறையும்). இந்த அடுக்கின் உண்மையான விகிதம் நாலு வருசமாக வெளியில் தெரியாது. ஆட்கள் ஆயிரக்கணக்கில் பெட்டி திறந்து, எண்ணி, மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2017இல் சீன அரசு, எழுமாறாகப் பொருள் விற்கிற விளையாட்டுகள் எல்லாம் நிகழ்தகவை வெளியிட வேணும் எண்டு சட்டம் போட்டது. அங்க இந்த விளையாட்டை நடத்துகிற பெர்ஃபெக்ட் வேர்ல்ட் நிறுவனம் கணக்கைச் சொல்ல வேண்டி வந்தது: நீலம் 79.92 வீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, பொன்னிறம் 0.26.

0.26 வீதம் எண்டா சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு கத்தி. சாவிக்கு மட்டும் 960 டொலர் அளவில் போகும். அதிலயும் "385 திறந்தால் கட்டாயம் ஒண்டு வரும்" எண்டு நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிச் சீட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 385 பெட்டி திறந்த நூறு பேரில் 37 பேர் அளவில் ஒரு கத்தியும் இல்லாமல்தான் எழும்பிப் போவினம். உயர்தரத்தில் நிகழ்தகவைத் தூக்கி எறிஞ்சிட்டு வந்த கலைப்பீடத்துக்காரர் நாங்கள், எங்களுக்கே இது விளங்குது.

நிறம் அடித்தளம் மட்டுமே. ஒரே நிறத்துக்குள் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு விலை வித்தியாசம் வருவதற்கு இரண்டாவது அளவுகோல் காரணம். அதை 'ஃப்ளோட்' என்பார்கள். பெட்டி திறக்கும் கணத்தில் ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 0க்கும் 1க்கும் இடையில் ஒரு தசம எண் விழும். 0.07க்குக் கீழ் எண்டா ஃபக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வெயார், 0.38 வரை ஃபீல்ட்-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதுக்கு மேல் பட்டில்-ஸ்கார்ட். பெயரைப் பார்த்தால் சண்டையில தேய்ஞ்சது மாதிரி இருக்கும், உண்மையில் இந்த எண் ஒருநாளும் மாறாது. பத்து வருசம் விளையாடினாலும் புதுசு புதுசுதான், ஒருநாளும் எடுக்காமல் வைச்சிருந்தாலும் கீறல் விழுந்தது கீறல்தான். பிறப்பிலேயே எழுதின தேய்மானம்.

விளையாட்டு காட்டியது அந்த ஐந்து பெயரை மட்டும்தான். பின்னால் இருந்த எண்ணை ஆட்கள்தான் தனி மென்பொருள் எழுதி வெளியே எடுத்தார்கள். எண் தெரிந்த பிறகு ஃபக்டரி நியூ போதவில்லை, 0.01க்குக் கீழ் எண்டு தேடத் தொடங்கினார்கள், பிறகு இன்னும் இரண்டு பூச்சியம் சேர்ந்தது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாத இடத்திலும் விலை ஏறியது. நாணயச் சேகரிப்பாளர்களுக்கு இது பழைய கதை. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இலேயே நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை புள்ளி போட ஒரு முறை கொண்டுவந்தார், 69க்கும் 70க்கும் இடையில் இன்றைக்கும் ஆட்கள் சண்டை பிடிக்கினம்.

சில ஸ்கின்களுக்கு ஃப்ளோட்டில் எல்லையும் உண்டு. ஏடபிள்யூபி அசீமோவ் 0.18க்குக் கீழ் வராது, அதனால் அதில் 'புதுசு' எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்லை. சுவாரசியம் மற்றப் பக்கத்தில. அந்த அசீமோவ் நல்லாத் தேய்ந்து 1ஐ நெருங்கும்போது அதன் தொலைநோக்கிப் பகுதி முழுக்கக் கறுத்துவிடும். ஆட்களுக்கு அந்தக் கறுப்பு பிடிச்சுப் போச்சு, 'பிளாக்கீமோவ்' எண்டு பெயரும் வைச்சாச்சு. மிக மோசமானது மோசமானதை விட விலை கூடினதாகிவிட்டது. நிறுவனம் போட்ட தரவரிசையை ஆட்களின் ரசனை தலைகீழாக்கின முதல் இடங்களில் இது ஒண்டு.

சரி, நீலத்துக்கு வருவம்.

கேஸ் ஹார்டனிங் எண்டது உண்மையான துப்பாக்கித் தொழிலில் உள்ள முறை. இரும்புப் பாகத்தை எலும்புக் கரியும் மரக் கரியும் நிறைந்த பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கி, திடீரென்று தண்ணீரில் போடுவார்கள். மேற்பரப்பு கடினமாகும். கூடவே நீலமும் ஊதாவும் வைக்கோல் நிறமும் கலந்த திட்டுகள் விழும். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோல்ட் கைத்துப்பாக்கிகளில் இதைப் பார்க்கலாம். வால்வின் கலைஞர்கள் இதைப் போலச் செய்ய ஒரு பெரிய படத்தை வரைந்து, அதைத் துப்பாக்கியின் மேல் போர்த்தும்போது எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு திருப்புவது என்பதை ஓர் எழுமாற்று எண்ணிடம் விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் எண்கள். பெரும்பாலானவற்றில் மஞ்சளும் சாம்பலும் கலந்து ஒரு துருப்பிடிச்ச தோற்றம் வரும். சிலவற்றில் படத்தின் நீலப் பகுதி சரியாகத் துப்பாக்கியின் மேற்பக்கத்தில் வந்து விழும். ஏகே-47இல் 661ஆம் எண் அப்படி விழுந்தது. காரம்பிட் கத்தியில் 387.

இப்ப கவனியுங்கோ. 661 வருவதற்கும் 662 வருவதற்கும் சந்தர்ப்பம் ஒண்டுதான், ஆயிரத்தில் ஒண்டு. 661 அரிது எண்டா 662உம் அதேயளவு அரிது. 662ஐத் தேடி யாரும் அலையவில்லை. வால்வ் எந்த இடத்திலயும் நீலம் நல்லது எண்டு எழுதவில்லை, அந்தத் துப்பாக்கிக்குத் தனிப் பெயரோ தனி நிறமோ கொடுக்கவில்லை. விளையாட்டின் கணக்கில் அது மற்றவை போல ஒரு சாதாரண இளஞ்சிவப்புத் தரச் சாமான். ஆட்கள்தான் படத்தைப் படமாக வைத்து ஒப்பிட்டார்கள், முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு எண்டு அட்டவணை போட்டார்கள், விளையாடும்போது கண்ணில் படும் பக்கத்தில் நீலம் இருக்கா, மறுபக்கத்தில் இருக்கா எண்டு பிரித்தார்கள், 'புளூ ஜெம்' எண்டு பெயரும் வைத்தார்கள். முதலில் ரசனை வந்தது. அந்த ரசனைக்குப் பொருந்துபவை எத்தனை எண்டு எண்ணினபோதுதான் அரிது பிறந்தது. அரிதானதால் விலை கூடியது எண்டு எல்லாரும் சொல்லுவினம், நாங்கள் நினைக்கிறோம் பாதிக் கதை அது. ஆயிரம் எண்ணும் சமமாக அரிதான இடத்தில், எது அரிது எண்டு தெரிவதே ஒரு தீர்ப்பு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கிடைக்கவே கிடைக்காத, ஆனால் வடிவில்லாத பழைய ஸ்கின்கள் எத்தனையோ இன்றைக்கும் சில்லறை விலைக்குக் கிடக்கின்றன. எண்ணிக்கை குறைவு எண்டதுக்காக மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை.

ஸ்டிக்கர் கதை வேற மாதிரி. அங்க எண்ணிக்கை உண்மையிலேயே குறைஞ்சுகொண்டே போகுது. 2014 மார்ச்சில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த போட்டிக்காக அணிகளின் சின்னங்கள் ஸ்டிக்கராக விற்கப்பட்டன. அப்போது விளையாடியவர்கள் இன்றைக்கு மாதிரி இத்தனை பேர் இல்லை, ஸ்டிக்கர் சேர்க்க வேணும் எண்டு யாருக்கும் தோன்றவும் இல்லை. வாங்கினார்கள், துப்பாக்கியில் ஒட்டினார்கள், அலுத்துப்போகச் சுரண்டினார்கள். ஒட்டினால் திரும்பக் கழற்ற ஏலாது, சுரண்டினால் அழியும். பளபளக்கும் ஹோலோ வகையில் ஐபைபவர், டைட்டன் என்ற இரண்டு அணிகளின் ஸ்டிக்கர்கள் இன்றைக்கு ஒட்டாத நிலையில் பல பத்தாயிரம் டொலர். அந்தப் பத்து லட்சத் துப்பாக்கியில் இருந்த நாலும் டைட்டன்.

எங்கட நாட்டு முத்திரைக் கதை தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. 1859இல் வந்த இலங்கையின் நாலு பென்ஸ் 'டல் ரோஸ்' முத்திரை உலகச் சேகரிப்பாளர்கள் தேடும் ஒண்டு. அந்த முத்திரைக்கு ஓரத்தில் துளை இல்லை, தாளில் இருந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேணும். படம் எண்கோண வடிவம். கனபேர் அந்தக் கோட்டின் வழியே மூலைகளையும் சேர்த்து வடிவா வெட்டிவிட்டார்கள். வெட்டினது எல்லாம் பெறுமதி இழந்தது, நாலு பக்கமும் விளிம்போடு தப்பினது சிலதுதான். கட்டோவிட்சே ஸ்டிக்கரைச் சுரண்டின பொடியனும் அந்தக் கத்தரிக்கோல்காரரும் ஒரே ஆள்தான். பொருளைப் பொருளாகப் பாவித்தவர்கள். அவர்கள் பாவிச்சு அழிச்சபடியால்தான் மிச்சம் இருந்தவனுக்கு அதிர்ஷ்டம்.

அந்த இரண்டு அணிகளுக்கும் நடந்ததையும் சொல்ல வேணும். ஐபைபவர் வீரர்கள் 2014 ஓகஸ்டில் ஒரு போட்டியை வேணுமெண்டு தோற்றார்கள். அந்தப் போட்டிக்கு ஆட்கள் பந்தயம் கட்டியது ஸ்கின்களால், தோற்றதற்குக் கிடைத்த கூலியும் ஸ்கின்கள்தான். 2015 ஜனவரியில் வால்வ் சம்பந்தப்பட்டவர்களைத் தன் போட்டிகளில் இருந்து தடை செய்தது. டைட்டன் அணியின் ஒரு வீரர் 2014 நவம்பரில் கள்ள மென்பொருள் பாவித்துப் பிடிபட்டார், 2016 தொடக்கத்தில் அணியே மூடப்பட்டது. அவமானத்தோடு போன பெயர்கள்தான் இன்றைக்கு அதிக விலை. எம்4ஏ4 ஹவுல் என்ற துப்பாக்கியும் அப்படி. 2014இல் பெட்டியில் வந்தது, ஒரு மாதத்தில் அந்தப் படம் வேறொரு கலைஞரிடம் களவெடுத்தது எண்டு தெரியவந்தது. வால்வ் படத்தை மாற்றி வரைந்து, பெட்டியில் இருந்து எடுத்து, 'கொன்ட்ரபாண்ட்' எண்டு அதுக்கு மட்டும் ஒரு தரத்தை உருவாக்கியது. தண்டனையாகத்தான் செய்தார்கள், சந்தை அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டது.

வரலாறும் விலைக்குள் போகும். 2018 ஜனவரியில் பொஸ்டன் போட்டியில் கிளவுட்9 அணி கிண்ணத்தை வென்றது, வட அமெரிக்க அணி ஒன்று அந்தத் தரப் போட்டியை வென்றது அதுதான் முதல் தடவை. அந்தப் போட்டியின் நினைவுப் பெட்டி ஒன்றில் இருந்து, அவ்வணி வீரர் ஸ்காடூடிலின் கையெழுத்து ஸ்டிக்கரோடு ஒரு டிராகன் லோர் ஏடபிள்யூபி வந்தது. 61,000 டொலருக்குப் போனது. அப்ப அது தலைப்புச் செய்தி.

இதெல்லாம் எங்க விக்குது? ஸ்டீம் சந்தையில் இரண்டாயிரம் டொலரளவுக்கு மேல் விலை போட முடியாது. விற்றால் 15 வீதம் கழியும், மிச்சம் ஸ்டீம் பணப்பைக்குள்ளேயே கிடக்கும், கையில் எடுக்க முடியாது. ஆகவே பெரிய வியாபாரம் வெளியில் உள்ள தளங்களுக்குப் போனது, சீனாவின் நெட்ஈஸ் நடத்துகிற பஃப் தளத்தின் விலையைத்தான் கனபேர் உரைகல்லாக வைச்சிருக்கினம். எங்களுக்கு இன்னொரு உரைகல்லும் இருக்கு. இலங்கையில் ஸ்டீம் விலை டொலரில்தான் தெரியும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. நூறு டொலர்க் கத்தி ஒன்று வைத்திருந்தவருக்கு 20,000 ரூபா இரண்டு மாதத்தில் 36,000 ஆனது. சம்பளக்காரருக்கு வராத கூடுதல் அது.

சூதாட்டத்தைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது விளம்பரம். 2015இல் மட்டும் 2.3 பில்லியன் டொலர் பெறுமதியான ஸ்கின்கள் பந்தயத்தில் வைக்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு 2016இல் வெளிவந்தது. வைச்சவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஸ்கின்னுக்கு அடையாள அட்டை கேட்க யாரும் இல்லை. பிரபல யூடியூபர்கள் தங்களுக்குச் சொந்தமான சூதாட்டத் தளத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது போல நடித்து விளம்பரம் செய்தது அந்த வருசம்தான் அம்பலமானது. 2016 ஜூலையில் வால்வ் 23 தளங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. 2018இல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் பெட்டி திறப்பதற்கு எதிராக நின்றன. 2019 ஒக்டோபரில் சாவிகளைக் கைமாற்றுவதை வால்வே நிறுத்தியது. சந்தையில் மறுபடி விற்கப்படும் சாவிகள் ஏறத்தாழ எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை எண்டு நம்புவதாக அவர்களே சொன்னார்கள். பெட்டியும் சாவியும் இன்றைக்கும் கடையில் இருக்கு.

நீலத்துக்கு விலை வைச்ச ஆட்களின் ரசனையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்த ரசனை நிற்கிற நிலம் அவர்களுடையதில்லை. 2025 ஒக்டோபர் 22இல் அது எல்லாருக்கும் தெரிந்தது. அதுவரைக்கும் கத்தி வேணுமெண்டா பெட்டியில் வர வேணும், அல்லது வாங்க வேணும். அன்றைய அப்டேட்டில், ஐந்து சிவப்புத் தரத் துப்பாக்கிகளைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ எடுக்கலாம் எண்டு வால்வ் ஒரு வரி சேர்த்தது. பன்னிரண்டு வருசமாக நின்ற 0.26 வீதத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்கதவு. ஆறு பில்லியன் டொலர் அளவில் இருந்த முழுச் சந்தையிலும் ஏறத்தாழ இரண்டு பில்லியன் ஓரிரு நாளில் காணாமல் போனதாகச் செய்திகள் கணக்கிட்டன. கத்திகள் பல பாதி விலைக்கு வந்தன.

மறுபக்கத்தில், இவ்வளவு காலமும் யாரும் திரும்பிப் பார்க்காத சிவப்புத் துப்பாக்கிகள் சில மணித்தியாலத்தில் பல மடங்கு ஏறின. அதை வாங்கினவை ஃப்ளோட் பார்த்தினம், ஏனெண்டா உள்ளுக்குப் போடுற ஐந்தின் ஃப்ளோட்தான் வெளியில வாற கத்தியின் ஃப்ளோட்டைத் தீர்மானிக்கும். அந்தத் துப்பாக்கியில் என்ன படம் வரைஞ்சிருக்கு எண்டு பார்க்க ஒருத்தருக்கும் நேரம் இருக்கேல்ல.